‘இந்த லாகின் பக்கத்தை டெஸ்ட் பண்ணுங்க’: டெஸ்டிங் வேலை நேர்காணலில் ஃபிரெஷரிடம் என்ன பார்க்கிறார்கள்?

திரையில் ஒரு லாகின் பக்கம். யூசர் நேம், பாஸ்வேர்டு, கீழே ஒரு பட்டன். எதிரே இருப்பவர் கேட்கிறார்: “இதை எப்படி டெஸ்ட் பண்ணுவீங்க?”

சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலைக்குப் புதிதாக வருபவர்களிடம் ஆண்டாண்டாகக் கேட்கப்படும் கேள்வி இது. பார்க்க எளிது. ஆனால் ஒருவரை எடுக்கலாமா, வேண்டாமா என்பது பல நேரம் இந்த ஒரு கேள்வியிலேயே பாதி முடிவாகிவிடும்.

ஒரு வகைத் தேர்வர் உடனே ஆரம்பித்துவிடுவார். “சரியான யூசர் நேம், சரியான பாஸ்வேர்டு. சரியான யூசர் நேம், தப்பான பாஸ்வேர்டு. ரெண்டும் தப்பு. ரெண்டும் காலி.” நான்கு சொன்னதும் நின்றுவிடும். இன்னொரு வகைத் தேர்வர் ஒரு நொடி திரையைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கேட்பார். “சார், இது பேங்க் ஆப்போட லாகினா, காலேஜ் போர்ட்டலா? தப்பான பாஸ்வேர்டு எத்தனை தடவை போட்டா அக்கவுன்ட் லாக் ஆகணும்?”

இரண்டாமவருக்கு முதலாமவரைவிட அதிகமாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால், அவர் ஏற்கெனவே வேலையைத் தொடங்கிவிட்டார். விதி என்னவென்று தெரியாமல் எதையும் சரி, தவறு என்று சொல்ல முடியாது என்பது அவருக்குப் புரிந்திருக்கிறது. நேர்காணல் செய்பவர் தேடுவதும் அதைத்தான். எங்கே உடையும் என்று யோசிக்கத் தெரிகிறதா, உடைந்ததை இன்னொருவர் நம்பும்படி சொல்லத் தெரிகிறதா? கோட்பாடு, கருவி, சான்றிதழ் எல்லாம் இந்த இரண்டுக்கும் பிறகுதான்.

ஒரு டெஸ்டர் தவறவிட்டால் என்ன ஆகும்?

“கோடிங் வராதவங்களுக்கு டெஸ்டிங்” என்ற பேச்சு கல்லூரி விடுதிகளில் இன்னும் இருக்கிறது. நேர்காணலில் “ஏன் டெஸ்டிங்கைத் தேர்ந்தெடுத்தீங்க?” என்று கேட்பதே இதைத் தெரிந்துகொள்ளத்தான். “கோடிங் கஷ்டமா இருந்துச்சு” என்ற பதில் உண்மையாக இருக்கலாம். ஆனால் அது இந்த வேலையைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட், தனது முதல் பயணத்தில் கிளம்பிய ஏறக்குறைய 40 நொடிகளில் சிதறியது. 64 பிட் எண் ஒன்றை 16 பிட் இடத்துக்குள் அடைக்க மென்பொருள் முயன்றதுதான் காரணம். அந்த இடத்தில் அதிகபட்சம் 32,767 வரைதான் வைக்க முடியும். வந்த எண் அதைவிடப் பெரியது. அந்த மென்பொருள் முந்தைய ஏரியன் 4 ராக்கெட்டில் சிக்கலின்றி ஓடியதுதான். புதிய ராக்கெட்டின் பாதையும் வேகமும் வேறு. பழைய இடத்தில் ஓடியது புதிய இடத்திலும் ஓடுமா என்று அந்தச் சூழலை வைத்து முழுமையாகச் சோதிக்கவில்லை.

2024 ஜூலை 19-ஐ இன்றைய தேர்வர்கள் நேரிலேயே பார்த்திருப்பார்கள். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு அப்டேட்டால், மைக்ரோசாஃப்ட் மதிப்பீட்டின்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றன. இந்திய விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். நிறுவனமே பிறகு வெளியிட்ட அறிக்கையின்படி, ஒரு பகுதி 21 மதிப்புகளை எதிர்பார்த்தது. மறு பகுதி கொடுத்ததோ 20. முன்பு செய்த சோதனைகளில் அந்த 21-வது இடத்தில் ‘எது வந்தாலும் சரி’ என்ற அமைப்பு இருந்ததால் குறை வெளியே தெரியவில்லை.

இந்த இரண்டு சம்பவங்களையும் மனப்பாடம் செய்து நேர்காணலில் ஒப்பிக்கத் தேவையில்லை. இரண்டிலும் உள்ள பொது அம்சத்தைப் பிடித்தால் போதும். சோதனை நடந்தது; கேட்க வேண்டிய ஒரு கேள்வி மட்டும் கேட்கப்படவில்லை.

எத்தனை சுற்று, எதில் என்ன?

நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பொதுவாக, முதலில் ஆப்டிட்யூட் தேர்வு: கணக்கு, தர்க்கம், ஆங்கிலம். அடுத்தது டெக்னிக்கல் சுற்று. சில இடங்களில் மேனேஜருடன் ஒரு சுற்று தனியாக இருக்கும். கடைசியில் எச்ஆர். பெரிய நிறுவனங்கள் கேம்பஸில் பொதுவாக ஆள் எடுத்து, பயிற்சிக்குப் பிறகே டெஸ்டிங்கா, டெவலப்மென்ட்டா என்று பிரிப்பதும் உண்டு. சிறு நிறுவனங்கள் நேராக டெஸ்டராகவே எடுக்கும். அங்கே டெக்னிக்கல் சுற்றுக்குத்தான் எடை அதிகம்.

லாகின் கேள்விக்கு நல்ல பதில் எப்படி இருக்கும்?

மனதில் வருவதை வந்த வரிசையில் கொட்டாமல், பகுதி பகுதியாகப் பிரிப்பதுதான் முதல் வித்தியாசம்.

முதலில் விதிகளைக் கேட்பது. யூசர் நேம் என்றால் இமெயிலா, மொபைல் எண்ணா? பாஸ்வேர்டுக்குக் குறைந்தபட்ச நீளம் உண்டா? ஓடிபி உண்டா?

அடுத்து, வேலை செய்ய வேண்டியது வேலை செய்கிறதா? சரியான விவரம் கொடுத்தால் சரியான பக்கத்துக்குப் போகிறதா, ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?’ என்ற இணைப்பு ஓடுகிறதா?

பிறகு, ஆட்கள் உண்மையில் எப்படித் தவறு செய்வார்கள்? இமெயிலை காப்பி பேஸ்ட் செய்யும்போது கடைசியில் ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டு வரும். கேப்ஸ் லாக் ஆனில் இருக்கும். நெட் மெதுவாக இருப்பதால் பட்டனை இரண்டு முறை தட்டுவார்கள். லாக் அவுட் செய்துவிட்டு பேக் பட்டனை அழுத்தினால் உள்ளே இருந்த பக்கம் மறுபடி தெரியுமா? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கும் ஃபிரெஷரை யாரும் மறக்க மாட்டார்கள்.

கடைசியாகப் பாதுகாப்பும் பயன்பாடும். பாஸ்வேர்டு திரையில் புள்ளியாகத் தெரிகிறதா? ‘இந்த யூசர் நேம் சரி, பாஸ்வேர்டுதான் தப்பு’ என்று பிழைச் செய்தி சொல்கிறதா? அப்படிச் சொன்னால், எந்தெந்தக் கணக்குகள் இருக்கின்றன என்று திருட நினைப்பவனுக்கு அந்தப் பக்கமே காட்டிக்கொடுக்கிறது. சிறிய போனில் கீபோர்டு மேலே வந்ததும் பட்டன் மறைந்துவிடுகிறதா?

பேனா, லிஃப்ட், ஏடிஎம், காபி மெஷின் என்று எதைக் கொடுத்தாலும் இதே வரிசை உதவும். லிஃப்ட் என்றால் எத்தனை பேர் ஏறலாம், எத்தனை மாடி, மின்சாரம் போனால் எங்கே நிற்க வேண்டும் என்று கேட்டுவிட்டுத் தொடங்கலாம்.

எல்லையில்தான் பிழை உட்கார்ந்திருக்கும்

‘பவுண்டரி வேல்யூ அனாலிசிஸ் என்றால் என்ன?’ என்ற கேள்வி வராத நேர்காணல் குறைவு. வரையறை சொல்வதைவிட ஒரு கணக்குப் போட்டுக் காட்டுவது நல்லது. எல்லோருக்கும் தெரிந்த ரயில் டிக்கெட்டையே எடுத்துக்கொள்ளலாம்.

5 வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தனி பெர்த் கேட்காவிட்டால் டிக்கெட் வேண்டாம். 5 முதல் 11 வயது வரை, பெர்த் வேண்டாம் என்றால் பாதிக் கட்டணம். 12 வயதிலிருந்து முழுக் கட்டணம். இங்கே மூன்று பிரிவுகள் இருக்கின்றன. ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஒரு வயதை எடுத்து, உதாரணமாக 3, 8, 30 என்று, சோதிப்பது ஈக்விவலன்ஸ் பார்ட்டிஷனிங். ஒரே பிரிவில் உள்ள எல்லா வயதும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும் என்ற கணிப்பு அதில் இருக்கிறது. பிரிவுகள் மாறும் இடத்தில் இருக்கும் 4, 5, 11, 12 ஆகியவற்றைச் சோதிப்பது பவுண்டரி வேல்யூ அனாலிசிஸ். ‘5 அல்லது அதற்கு மேல்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘5-க்கு மேல்’ என்று ஒரு குறி மாறினாலும் பிழை வெளியே தெரிவது இந்த எண்களில்தான். 8-ஐயும் 30-ஐயும் எத்தனை முறை போட்டாலும் தெரியாது.

இதோடு நிறுத்தினால் பதில் சரி. இன்னும் ஒரு படி போனால் பதில் நினைவில் நிற்கும். வயது என்றால் எந்த நாளின் வயது? 60 நாள் முன்னதாக முன்பதிவு செய்யலாம். டிக்கெட் எடுக்கும்போது 4 வயதாக இருக்கும் குழந்தைக்குப் பயண நாளுக்குள் 5 ஆகிவிட்டால்? “இதுக்கு ரூல் என்னன்னு நான் பிசினஸ் டீம்கிட்ட கேட்பேன் மேடம்” என்று சொல்வதே போதுமான பதில்.

குழப்பும் இரட்டையர்கள்

சில சொற்களை ஜோடியாகக் கேட்பார்கள். உதாரணம் கையில் இருந்தால் மாறிப்போகாது.

சிவியரிட்டி, பிரையாரிட்டி: பிழை எவ்வளவு மோசமானது என்பது சிவியரிட்டி. எவ்வளவு சீக்கிரம் சரிசெய்ய வேண்டும் என்பது பிரையாரிட்டி. முகப்புப் பக்கத்தில் நிறுவனத்தின் பெயரே எழுத்துப் பிழையோடு இருந்தால், எதுவும் நின்றுபோகாது. ஆனாலும் இன்றே திருத்தியாக வேண்டும். சிவியரிட்டி குறைவு, பிரையாரிட்டி அதிகம். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் எடுக்கும் ஒரு ரிப்போர்ட் மொத்தமாகக் கிராஷ் ஆகிறது, அடுத்து அதை எடுக்க 11 மாதம் இருக்கிறது என்றால், அது அப்படியே நேரெதிர்.

ரீடெஸ்டிங், ரிக்ரஷன்: சரிசெய்த பிழை உண்மையிலேயே சரியாகிவிட்டதா என்று பார்ப்பது ரீடெஸ்டிங். அதைச் சரிசெய்ததில் பக்கத்தில் இருந்த வேறு ஏதாவது கெட்டுவிட்டதா என்று பார்ப்பது ரிக்ரஷன். வீட்டில் குழாய் ஒழுகுகிறது. பிளம்பர் வந்து சரிசெய்துவிட்டுப் போனார். அந்தக் குழாயைத் திறந்து பார்ப்பது முதலாவது. மாடியில் தண்ணீர் வருகிறதா என்று ஏறிப் பார்ப்பது இரண்டாவது.

ஸ்மோக், சானிட்டி: புது பில்டு வந்ததும், இதை மேற்கொண்டு சோதிக்கவாவது முடியுமா என்று முக்கியமான வழிகளை மேலோட்டமாகப் பார்ப்பது ஸ்மோக். சிறு மாற்றம் வந்த பிறகு, அந்தக் குறிப்பிட்ட பகுதி ஒழுங்காக இருக்கிறதா என்று சுருக்கமாகப் பார்ப்பது சானிட்டி. இந்த இரண்டு சொற்களையும் அலுவலகங்கள் ஒன்றுக்கொன்று மாற்றிப் பயன்படுத்துவதும் உண்டு. எதிரே இருப்பவர் வேறு மாதிரி சொன்னால் சண்டை போட வேண்டாம், “உங்க டீம்ல அப்படிச் சொல்வீங்களா சார்?” என்று கேட்டுவிட்டு நகரலாம்.

வெரிஃபிகேஷன், வேலிடேஷன்: சொன்னபடி செய்திருக்கிறோமா என்பது முதலாவது. பயன்படுத்துபவருக்குத் தேவையானதைத்தான் செய்திருக்கிறோமா என்பது இரண்டாவது. சொன்னபடி அப்படியே செய்த ஒன்று, யாருக்கும் உதவாமலும் போகலாம்.

இனிஷியல் போட்டவர்களின் அனுபவம்

“நீங்க பார்த்த ஒரு பக் சொல்லுங்க” என்று கேட்டால் ஃபிரெஷர்கள் தடுமாறுவார்கள். புராஜெக்ட்டில் வேலை பார்த்திருந்தால்தானே சொல்ல முடியும் என்று நினைப்பார்கள். ஆனால், தமிழ்நாட்டில் பிறந்த யாரும் இந்தக் கேள்விக்குத் திணற வேண்டியதில்லை.

ஆன்லைன் படிவங்களில் ‘லாஸ்ட் நேம்’ கட்டாயம் என்று இருக்கும். இங்கே பலருக்கு இருப்பது ஒரு பெயரும் ஒரு இனிஷியலும்தான். இனிஷியலைப் போட்டால், சில படிவங்கள் ‘குறைந்தது 2 எழுத்து வேண்டும்’ என்று சிவப்பில் காட்டும். அப்பா பெயரை முழுதாகப் போட்டால் படிவம் ஏற்றுக்கொள்ளும். பிறகு ஆதாரில் ஒரு பெயர், டிக்கெட்டில் ஒரு பெயர் என்று வேறு இடத்தில் மாட்டிக்கொள்ளும். இது பயன்படுத்துபவரின் தவறில்லை. எல்லோருக்கும் குடும்பப் பெயர் இருக்கும் என்று யாரோ எடுத்துக்கொண்டதன் விளைவு.

இதை நேர்காணலில் எப்படிச் சொல்வது? “அந்த சைட்ல பேர் போட்டா எரர் வருது” என்பது புகார். பக் ரிப்போர்ட் என்றால் இப்படி இருக்கும்.

தலைப்பு: பதிவுப் படிவத்தில் லாஸ்ட் நேம் ஓர் எழுத்தாக இருந்தால் ஏற்க மறுக்கிறது.
சூழல்: ஆண்ட்ராய்டு போன், குரோம் பிரவுசர், அவற்றின் பதிப்பு எண்கள்.
படிகள்: 1. பதிவுப் பக்கத்தைத் திறக்கவும். 2. ஃபர்ஸ்ட் நேமில் பெயரை இடவும். 3. லாஸ்ட் நேமில் ஓர் எழுத்து மட்டும் இடவும். 4. சப்மிட் அழுத்தவும்.
எதிர்பார்த்தது: படிவம் ஏற்கப்பட வேண்டும்.
நடந்தது: ‘குறைந்தது 2 எழுத்து’ என்ற செய்தி, பதிவு நிற்கிறது.
இணைப்பு: ஸ்கிரீன்ஷாட்.

இதைப் படிக்கும் டெவலப்பர் எழுதியவருக்கு போன் செய்து எதையும் கேட்க வேண்டியதில்லை. அதே படிகளைச் செய்தால் அதே பிழை அவர் திரையிலும் வரும். நல்ல ரிப்போர்ட்டுக்கு இதுவே அளவுகோல்.

‘இது பக்கே இல்லை’ என்று டெவலப்பர் சொன்னால்?

இது குணத்தைப் பார்க்கும் கேள்வி. “நான் விடமாட்டேன் சார், சண்டை போட்டாவது ஒத்துக்க வைப்பேன்” என்ற பதிலும் எடுபடாது. “சரின்னு க்ளோஸ் பண்ணிடுவேன்” என்ற பதிலும் எடுபடாது.

எதிர்பார்க்கும் பதில் நடைமுறை சார்ந்தது. முதலில், தேவை ஆவணத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று திரும்பப் பார்ப்பது. டெவலப்பரின் கணினியில் பிழை வராவிட்டால், இரண்டு இடத்திலும் என்ன வித்தியாசம் என்று தேடுவது: பில்டு எண், டேட்டா, பிரவுசர். அவரை அழைத்து நேரிலேயே செய்து காட்டுவது. ஆவணத்திலேயே அது இல்லை என்றால், முடிவு சொல்ல வேண்டியவர் பிசினஸ் அனலிஸ்ட்டோ, பிராடக்ட் ஓனரோ என்று அவரிடம் கொண்டுபோவது. முடிவு எதிராக வந்தாலும், அந்த முடிவைப் பக் பதிவிலேயே குறித்துவைப்பது. பக் லைஃப் சைக்கிளைக் கேட்டால் நியூ, அசைன்டு, ஃபிக்ஸ்டு, ரீடெஸ்ட், க்ளோஸ்டு என்று ஒப்பிப்பவர்கள் ரீஓபன், ரிஜெக்டட், டெஃபர்டு ஆகியவற்றை விட்டுவிடுவார்கள். உண்மையான அலுவலகத்தில் பேச்சுவார்த்தை நடப்பதெல்லாம் இந்த மூன்றில்தான்.

எஸ்கியூஎல், ஏபிஐ, ஆட்டோமேஷன் எந்த அளவுக்கு வேண்டும்?

ஃபிரெஷரிடம் நிபுணத்துவத்தை யாரும் எதிர்பார்ப்பதில்லை. அடிப்படை இருக்க வேண்டும்.

எஸ்கியூஎல்: திரையில் தெரிவது டேட்டாபேஸிலும் அப்படியே இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. ஒரே மொபைல் எண் இரண்டு முறை பதிவாகியிருந்தால் கண்டுபிடிப்பது எப்படி (குரூப் பை, ஹேவிங்)? ஒரு ஆர்டர்கூடப் போடாத வாடிக்கையாளர்களை எடுப்பது எப்படி (லெஃப்ட் ஜாயின்)? இந்த இரண்டையும் பேப்பரில் எழுதத் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

ஏபிஐ: போஸ்ட்மேன் போன்ற கருவியில் ஒரு கோரிக்கை அனுப்பிப் பார்த்திருக்க வேண்டும். 200 என்றால் வெற்றி, 201 என்றால் புதிதாக உருவாகியிருக்கிறது, 400 என்றால் அனுப்பியதில் தவறு, 401 என்றால் யாரென்று நிரூபிக்கவில்லை, 403 என்றால் ஆள் தெரிகிறது ஆனால் அனுமதி இல்லை, 404 என்றால் அப்படி ஒன்று இல்லை, 500 என்றால் சர்வர் பக்கம் சிக்கல். 401-க்கும் 403-க்கும் உள்ள வித்தியாசத்தை அடிக்கடி கேட்பார்கள். 200 வந்துவிட்டது என்று நிம்மதியாக இருப்பதும் ஆபத்து. 200 என்று சொல்லிவிட்டு உள்ளே தவறான தொகையை அனுப்பும் ஏபிஐ இருக்க முடியும். பதிலுக்குள் என்ன இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

ஆட்டோமேஷன்: செலினியம் அல்லது பிளேரைட்டில் ஒரு சிறிய ஸ்கிரிப்டைத் தானே எழுதி ஓட்டியிருந்தால் நல்லது. ‘எதை ஆட்டோமேட் செய்யக் கூடாது?’ என்று கேட்பார்கள். ஒரே ஒருமுறை செய்யும் சோதனை, வாரத்துக்கு வாரம் மாறும் திரை, பார்க்க அழகாக இருக்கிறதா என்பது போன்றவற்றைச் சொல்லலாம்.

இப்போது புதிதாகச் சேர்ந்திருக்கும் கேள்வி: “டெஸ்ட் கேஸை ஏஐயே எழுதிடுதே, உங்களுக்கு என்ன வேலை?” பதற வேண்டாம். ஏஐயிடம் லாகின் பக்கத்துக்கு டெஸ்ட் கேஸ் கேட்டால் நீளமான பட்டியல் வரும். அந்தப் பட்டியலில் எது இந்த ஆப்புக்குப் பொருந்தும், எது விடுபட்டிருக்கிறது, நேரம் 2 மணிதான் இருந்தால் எதை முதலில் ஓட்டுவது என்று யாராவது முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவுக்குப் பொறுப்பும் ஏற்க வேண்டும். ஏஐயைப் பயன்படுத்தியே பயிற்சி செய்தேன் என்று சொல்வதில் தவறில்லை. அது கொடுத்ததில் எதை நீக்கினோம், ஏன் நீக்கினோம் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

‘தெரியாது’ என்று சொன்னால் மார்க் போய்விடுமா?

போகாது. சுற்றி வளைத்துச் சொன்னால்தான் போகும். “அது எனக்குத் தெரியாது சார். ஆனா பேரை வச்சுப் பார்த்தா, நிறைய பேர் ஒரே நேரத்துல வந்தா சைட் தாங்குமான்னு பார்க்கறதா இருக்கும்னு நினைக்கிறேன்” என்ற பதிலில் நேர்மையும் யோசனையும் சேர்ந்தே இருக்கின்றன. பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லும் டெஸ்டர் எந்த டீமுக்கும் பாரம். ஓட்டாத டெஸ்ட் கேஸுக்கு ‘பாஸ்’ என்று குறித்துவிட்டால், அதை நம்பி மென்பொருள் வெளியே போய்விடும்.

ஆங்கிலம் பற்றிய பயமும் பலருக்கு உண்டு. தமிழ் வழியில் படித்தவர்கள் இலக்கணத்தைப் பற்றிக் கவலைப்பட்டே தெரிந்ததையும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். இந்த வேலைக்குத் தேவையான ஆங்கிலம் சிறிய, நேரான வாக்கியங்கள்தான்: என்ன செய்தேன், என்ன நடந்தது, என்ன நடந்திருக்க வேண்டும். பத்து பக் ரிப்போர்ட்டை ஆங்கிலத்தில் எழுதி, சத்தமாகப் படித்துப் பழகினால் பேச்சும் கூடவே வரும்.

போலி அனுபவம்: குறுக்குவழியின் விலை

‘ஃபிரெஷருக்கு வேலை இல்லை, ரெண்டு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் போட்டுக்கோ, சர்டிஃபிகேட் நாங்க தர்றோம்’ என்று சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். வீட்டில் கடன் வாங்கி கோர்ஸ் படித்து, மாதக்கணக்கில் அழைப்பு வராமல் இருக்கும் ஒருவருக்கு இது ஆசை காட்டும் பேச்சுதான்.

ஆனால், இது இரண்டு இடங்களில் உடையும். முதலாவது நேர்காணலிலேயே. “உங்க டீம்ல எத்தனை பேர்? எத்தனை வாரத்துக்கு ஒரு ரிலீஸ்? கடைசியா உங்க பக் எது ரிஜெக்ட் ஆச்சு, ஏன்?” இந்தக் கேள்விகளுக்கு எந்தக் கேள்வி பதில் தொகுப்பிலும் விடை இருக்காது. இரண்டாவது, பின்னணிச் சரிபார்ப்பு. பிஎஃப் கணக்கின் யுஏஎன் எண்ணில் யார் எந்த நிறுவனத்தில் எப்போது இருந்தார் என்ற பதிவு இருக்கும். நிறுவனங்கள் அதைக் கேட்டுப் பார்க்கின்றன. சேர்ந்த பிறகு தெரியவந்தால் வேலை போவதோடு, அடுத்த நிறுவனத்திலும் அந்தக் கேள்வி பின்தொடரும். சொல்லும் சொல்லை நம்பித்தான் டெஸ்டருக்குச் சம்பளம். முதல் பேப்பரிலேயே அந்தச் சொல் பொய்யானால் மிச்சம் எதுவும் இல்லை.

வேலை தருவதற்கு முன் ‘டெபாசிட்’, ‘லேப்டாப் கட்டணம்’, ‘பயிற்சிக் கட்டணம்’ என்று பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது. ஆன்லைனில் பணம் கொடுத்து ஏமாந்திருந்தால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்கலாம். சர்வீஸ் அக்ரிமென்ட் இருந்தால் எத்தனை மாதம், இடையில் விலகினால் எவ்வளவு, ஒரிஜினல் சான்றிதழைக் கேட்கிறார்களா என்று படித்துப் பார்த்த பிறகே கையெழுத்து.

சான்றிதழ் கட்டாயமா?

ஐஎஸ்டிகியூபி 2002-ல் தொடங்கப்பட்ட சர்வதேச அமைப்பு. அதன் ஃபவுண்டேஷன் லெவல் தேர்வில் 40 கேள்விகள், 60 நிமிடம். 26 சரியாக இருந்தால் தேர்ச்சி. தாய்மொழி அல்லாத மொழியில் எழுதுபவர்களுக்கு 25 சதவீதம் கூடுதல் நேரம் உண்டு. அதாவது 75 நிமிடம். ஃபிரெஷருக்கு இது கட்டாயமில்லை. சில நிறுவனங்கள் கூடுதல் தகுதியாகப் பார்க்கும். பாடத்திட்டம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. தேர்வு எழுதப் பணம் இல்லாதவர்கள் அதைப் படித்துவிட்டே நேர்காணலுக்குப் போகலாம்.

ஒரு வாரம் இருந்தால் என்ன செய்யலாம்?

தினமும் பயன்படுத்தும் ஓர் ஆப்பை எடுத்துக்கொள்ளலாம்: டிக்கெட் ஆப், உணவு ஆப், கல்லூரி போர்ட்டல். அதில் ஒரே ஒரு அம்சத்துக்கு மட்டும் 20 டெஸ்ட் கேஸ் எழுதலாம். கண்ணில் பட்ட 5 குறைகளை மேலே சொன்ன வடிவத்தில் பக் ரிப்போர்ட்டாக எழுதி, ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் வைத்து, அதன் இணைப்பை ரெஸ்யூமேயில் கொடுக்கலாம். ‘அனுபவம் இல்லை’ என்று சொல்லும் இடத்தில் அது பேசும்.

ஒரு எச்சரிக்கை. அடுத்தவரின் தளத்தில் சாதாரணப் பயனராக இருந்து பார்ப்பது வேறு. பாஸ்வேர்டை உடைக்க முயல்வது, ஆயிரக்கணக்கில் கோரிக்கை அனுப்பித் தாங்குகிறதா என்று பார்ப்பது வேறு. அனுமதியின்றி அப்படிச் செய்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் கீழ் வழக்கு வரலாம். அந்த வகைப் பயிற்சிக்கென்றே திறந்துவைத்திருக்கும் மாதிரித் தளங்கள் இருக்கின்றன, அவற்றைப் பயன்படுத்தலாம்.

‘உங்களுக்கு ஏதாவது கேட்கணுமா?’

நேர்காணல் முடியும்போது இதைக் கேட்பார்கள். “ஒண்ணுமில்ல சார்” என்று எழுந்துவிடுவதுதான் வழக்கம். கேள்வி கேட்பதையே தொழிலாகச் செய்யப் போகிறவர் கடைசிக் கேள்வியை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. சம்பளத்தை எச்ஆர் சுற்றுக்கு வைத்துக்கொண்டு, வேலையைப் பற்றிக் கேட்கலாம். “இங்க ஒரு டெஸ்டருக்கு எத்தனை டெவலப்பர்?” “டெஸ்டர் வேண்டாம்னு சொன்னா ரிலீஸ் நிக்குமா?” “முதல் மூணு மாசத்துல என்கிட்ட என்ன எதிர்பார்ப்பீங்க?”

இரண்டாவது கேள்விக்கு அவர்கள் சொல்லும் பதிலைக் கவனமாகக் கேட்க வேண்டும். அந்த நிறுவனத்தில் டெஸ்டரின் பேச்சுக்கு மதிப்பு இருக்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும்.